சைரனும் சம்மட்டியும்

மார்ச் 4
நீரேற்று நிலையம், ஊழியர் விடுதி

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

'அண்ணி', 'அவர்கள்' எல்லாம் பார்த்துப் பதற வேண்டாம். எனக்குக் கோபம் வந்தால் மரியாதையும் கூடவே வந்துவிடுகிறது. பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கால்குலேட்டரை மாற்றி மாற்றித் தட்டிய காலத்தில் நீங்கள் எனக்கு வெறும் சைரன், நான் உங்களுக்குச் சம்மட்டி. என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகும் சைரன்தான். போன மாதம் ஷெட்டில் வைத்து, "இந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வேணாம், குச்சியைக் கீழ வை" என்றீர்கள் பாருங்கள், அந்த நிமிடத்திலிருந்து அண்ணி.

போனில் பேசலாமே என்பீர்கள். இங்கே அணைச்சுவரின் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அப்படி ஏறி நின்று பேசியது எப்படி முடிந்தது என்று உங்களுக்கே தெரியும். இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினோம். அண்ணன் போனை அணைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். எழுதினால் கத்த முடியாது. வாரம் ஒருமுறை சாமான் கொண்டுவரும் ஜீப்பில் தபாலும் போகிறது.

உங்கள் மேல் கோபித்துக்கொண்டுதான் மலைக்கு வந்தேன் என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்கிறானாம். பாதி நிஜம். மோட்டார் மெக்கானிக் வேலைக்கு மேலே ஆள் கேட்டார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் கையைத் தூக்கினேன்.

நம் 'கொதிகலன்' என்ன பாவம் செய்தது? அண்ணன் வேலை பார்க்கும் பஸ் டிப்போவின் டயர் ஷெட்டில் பிறந்த குழு அது. நீங்கள் கத்தினால் தகரக் கூரை அதிரும். நான் அடித்தால் மேலிருந்து துரு உதிரும். அண்ணன் பேஸ் கிட்டாரை வயிற்றோடு அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எங்கேயோ தனியாகப் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பான். மேடைக்கு முன்னால் வந்து நின்ற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பகல் முழுக்க யாரிடமாவது திட்டு வாங்கிவிட்டு வந்தவர்கள். நம் சத்தத்துக்குள் நின்று அவர்களும் கத்துவார்கள். போகும்போது முகம் தெளிந்திருக்கும். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நாளைக்கு வேலைக்குப் போறதுக்கு இது போதும்" என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டியதில்லை.

அந்தக் கொதிகலனை நீங்கள் வெந்நீர்ப் பாத்திரம் ஆக்கிவிட்டீர்கள். தாலாட்டுப் பாட ஆசை வந்துவிட்டது என்றால் தாராளமாகப் பாடுங்கள். பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 20

சம்மட்டி,

நீ 'நீங்கள்' போட்டு எழுதியதைப் படித்து உன் அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

என் வேலையைப் பற்றி உன்னிடம் நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் மெஷின் பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். மெஷின் அறைக்கும் துணி மடிக்கும் அறைக்கும் நடுவே கனமான கதவு ஒன்று உண்டு. ஒன்றரை வருஷம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கமே இருந்துவிட்டேன். ஒருநாள் ஆள் குறைவு என்று காய்ந்த போர்வைக் கூடையை நானே தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று போர்வை மடிக்கிறார்கள். நாலு மூலையையும் பிடித்து, பின்னால் ஓரடி வைத்து, ஒரு உதறு. பிறகு கிட்டே வந்து ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்கு. மடித்துக்கொண்டே பாடுகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அப்போதுதான் ஆபரேஷன் முடிந்தவர்கள் படுத்திருக்கிறார்கள். அதனால் குரல் உதட்டைத் தாண்டி ஒரு முழத்துக்கு மேல் போகாது. டாக்டர்களின் கோட்டுக்கு இஸ்திரி போடும் அக்கா ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

மடிச்சு வச்ச துணிக்குள்ள
மழை வாசம் இருக்குது
விரிச்சுப் பாக்க மனசில்ல
வெளுக்கட்டும்னு கிடக்குது

நான் கூடையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பத்து வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தி நான் சொல்லப் பார்த்த ஒன்றை, அவள் கோட்டின் காலரைத் திருப்பிப் போட்டபடியே சொல்லிவிட்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து கிட்டாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு வெறுங்கட்டையில் வாசித்துப் பார்த்தேன். அன்றைக்குத் தொடங்கியதுதான் எல்லாம்.

டிரம்ஸ் வேண்டாம் என்று ஏன் சொன்னேன் தெரியுமா? நீ அடிக்கத் தொடங்கினால் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். உன்னைப்போல் அடிக்கிறவளை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நீ பின்னால் இருந்தால் நான் கத்தாமல் இருக்க மாட்டேன். உன் மேல் நம்பிக்கை இல்லாமல் சொன்னது இல்லை அது. என் மேல் இல்லாமல் சொன்னது.

பெயரைப் பற்றிக் கேட்டாய். உள்ளே அவ்வளவு கொதித்தாலும் வெளியே ஒரு சொட்டுக் கசியாமல் நிற்பதுதானே கொதிகலன்? நாம் இத்தனை நாளும் கசிந்துகொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

ஆறு பாட்டுப் பதிவு செய்திருக்கிறோம், அந்த அக்காவின் பாட்டும் அதில் ஒன்று, மேடையிலும் பாடப்போகிறோம். நான், உன் அண்ணன், ஒரு கிட்டார், ஒரு பேஸ். மெமரி கார்டில் போட்டு அனுப்புகிறேன். கேட்டுவிட்டுத் திட்டு.

சைரன்


ஏப்ரல் 9

அண்ணிக்கு,

கார்டு வந்தது. மேஜை டிராயரில் கிடக்கிறது. கேட்கவில்லை. கேட்கும் எண்ணமும் இல்லை.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்த இஸ்திரி அக்காவின் பாட்டை மேடையில் நீங்கள் பாடுகிறீர்கள். கைதட்டு யாருக்கு? போஸ்டரில் யார் படம்? அந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருப்பார்? நாம் கத்தியது நம் சொந்தக் கத்தல். நல்லதோ கெட்டதோ, யார் வீட்டிலிருந்தும் எடுத்து வரவில்லை. அவரை உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இங்கே பெரிய மோட்டார்கள் ஓயாமல் ஓடுகின்றன. காதில் பஞ்சு, அதற்கு மேல் காதுமூடி. சாப்பாட்டு அறையில் டம்ளரில் இருக்கும் தண்ணீர்கூட நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். எனக்கு இது பிடித்திருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லுங்கள். நான் இளைத்துப் போகவில்லை என்றும் சொல்லுங்கள்.

நாத்தனார்

உறையை ஒட்டுவதற்கு முன் இதைச் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. ஜீப் டிரைவர் டெஸ்டர் தேடுகிறேன் என்று என் டிராயரைக் குடைந்து, கார்டை எடுத்துப்போய் ஜீப்பில் போட்டுவிட்டார். கீழே வால்வு பார்க்கப் போகும் வழியெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்து இரண்டு பாட்டுக் கேட்டேன். ஓடுகிற ஜீப்பிலிருந்து குதிக்கவா முடியும்? அபிப்பிராயம் சொல்ல மாட்டேன். இரண்டாவது பாட்டில் அண்ணன் ஒரு மயிரிழை பிந்துகிறான், அதைச் சொல்லிவிடுங்கள். டிரைவர்தான், "யாரும்மா இது, பக்கத்துல உக்காந்து நம்மகிட்ட சொல்ற மாதிரியே இருக்கு" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.


மே 2

சம்மட்டி,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே இஸ்திரி அக்காவிடம் போனேன். பாட்டைப் பாடிக்கொள்ளட்டுமா என்று முன்பே ஒருதரம் கேட்டிருந்தேன். "பாடேன், யாரு வேணாம்னா" என்றிருந்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

"என் நாத்தனா கேக்குறா. உங்க பாட்டைப் பாடி நான் கைதட்டு வாங்குறது நியாயமான்னு."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உன் நாத்தனாக்கு அறிவு இருக்கு."

"அப்ப நான் பாட வேணாமா?"

"நீ மூணாவது அடியில மூச்சு விடுற. அங்க விட்டா பாட்டு செத்துப் போயிடும். எத்தனை நாளைக்குத்தான் நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேக்குறது? நானே வந்து பாடுறேன்."

பிறகு நிபந்தனைகள். மேடையில் அவளுக்கு நாற்காலி வேண்டும், "நாள் பூரா நின்னுகிட்டேதான இருக்கேன்." போஸ்டரில் அவள் படம் வேண்டும், அதுவும் செல்போனில் எடுத்தது கூடாது, ஸ்டூடியோவில் எடுக்க வேண்டும். தலைக்குச் சாயம் போட ஒரு வாரம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். உன் அண்ணன், "நம்ம குழுவுல ஒருவழியா ஒரு ஸ்டார் வந்தாச்சு" என்கிறார். நம்மைவிட அவளுக்குத் தன் குரலின் மதிப்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

இப்போது கெட்ட செய்தி. அவள் வருவதற்கு முன்பே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி ஒன்று போன சனிக்கிழமை இருந்தது. கூட்டம் நம் பழைய கூட்டம். இரண்டாவது பாட்டு வரை பொறுத்துக்கொண்டார்கள். மூன்றாவதில், "சத்தம் எங்க? சம்மட்டி எங்க?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு காகிதக் கோப்பை பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. உள்ளே காப்பி மிச்சம் இருந்தது. எனக்குள் பழைய ஆள் எழுந்துவிட்டாள். வாயைத் திறந்து ஒரு வரி கத்தியும்விட்டேன். கூட்டம் 'ஓ' என்றது. அதைக் கேட்டதும் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன், மைக்கைத் தள்ளிவைத்துவிட்டு மெதுவாகப் பாடினேன். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பேர் முன்னால் வந்து அவர்களும் தரையில் உட்கார்ந்தார்கள். அரங்கக்காரர் அடுத்த மாத நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டார்.

உன் அண்ணன் பஸ் என்ஜினோடு பேசுவதைப்போல் வீட்டில் கிட்டாரோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறார். குழுவை மூடிவிடலாமா என்று அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்குள்ளேயே. உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அண்ணியாக இல்லை. கார்டில் இருப்பது மோசமா? உள்ளதை உள்ளபடி சொல்.

சைரன்


ஜூன் 11

சைரன்,

மோசமா என்று கேட்டாய். மோசமாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

மோட்டார்களை வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக நிறுத்தி, பிரித்து, துடைத்து, எண்ணெய் மாற்றுவோம். நேற்று நிறுத்தினோம். காது மூடியைக் கழற்றினால் மலையே மூச்சு விடாமல் நிற்பதைப்போல் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்கள் மர நிழலில் படுத்துவிட்டார்கள். நான் கார்டை எடுத்துக்கொண்டு வால்வு அறைப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஆறு பாட்டையும் முதலிலிருந்து கேட்டேன்.

முதல் பாட்டில் தந்தியின் மேல் உன் விரல் நகரும் கீச்சுச் சத்தத்தை அழிக்காமல் விட்டிருக்கிறாய். நம் பழைய பதிவுகளில் அதை யாரும் கேட்டிருக்கவே முடியாது. நீ பாடுகிறாய் என்று தோன்றவில்லை, ஒரு ஆள் அறைக்குள் இருக்கிறாள் என்று தோன்றியது. நான்காவது பாட்டில், 'வந்தவன் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை' என்று ஒரு வரி வருகிறதே, அது உன்னுடையதுதானே? பழைய சைரன் அந்த வரியைப் பத்துத் தடவை கத்தியிருப்பாள். நீ ஒரே தடவை சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாய். வந்தவன் போய்விடுவானோ என்று பயந்தது நான்தான். நிறுத்தி, திரும்பவும் அந்த இடத்தைக் கேட்டேன். நம் பத்து வருஷத்தில் நீ எழுதியதிலேயே இதுதான் பெரிய பாட்டு. போதுமா? இதற்கு மேல் என்னிடமிருந்து எதிர்பார்க்காதே.

குறையும் உண்டு. உன் பாட்டெல்லாம் மிதக்கின்றன. காலை ஊன்ற இடம் இல்லை. அண்ணனால் அது முடியாது, அவன் கண்ணை மூடினால் யாரைப் பற்றியும் கவலைப்பட மாட்டான். கேபிள் சுற்றி வரும் பெரிய மர உருளை ஒன்று இங்கே காலியாகக் கிடக்கிறது. அதன் மேல் உள்ளங்கையால் தட்டிக்கொண்டு உன் கூடவே போய்ப் பார்த்தேன். மெதுவாக அடிப்பது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லையே. பலமாக அடித்தால் தப்பெல்லாம் சத்தத்துக்குள் பதுங்கிக்கொள்ளும். மெதுவாக அடித்தால் ஒவ்வொரு தப்பும் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறது. மூன்றாவது பாட்டுக்குள் தோள்பட்டை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பத்து வருஷமாக டிரம்ஸ் வாசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. இடம் மாறியிருக்கிறது. நீ நல்லதாக ஒன்றைக் கண்டுபிடித்தாய், அதைக் கண்டுபிடிக்கும்போது நான் பக்கத்தில் இல்லை. இப்போது அதுதான் எரிகிறது.

கோப்பை எறிந்தவனை எனக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சம்மட்டி


ஜூலை 5

சம்மட்டி,

உன் கடிதத்தை உன் அண்ணனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். 'கண்ணை மூடினால்' என்ற இடத்தில் அவர் எழுந்து போய் டீ போட்டார். மூன்று டம்ளரில் ஊற்றி எடுத்து வந்துவிட்டு, மூன்றாவதை என்ன செய்வதென்று தெரியாமல் அவரே குடித்தார்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு, மத்தியானம் மூன்று மணிக்கு, ஆஸ்பத்திரி ஊழியர் சங்கக் கூடத்தில் பாடுகிறோம். அரங்கக்காரர்கள் யாரும் இடம் தரவில்லை. இஸ்திரி அக்காதான் சங்கச் செயலாளரைப் பிடித்துச் சம்மதிக்க வைத்தாள். போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. படத்தில் அவள் நடுவில் இருக்கிறாள், நாங்கள் இரண்டு பேரும் ஓரத்தில் பாதிப் பாதி தெரிகிறோம்.

வா என்று நான் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டால் வரமாட்டாய். உன் டிரம்ஸை மட்டும் கொண்டுபோய் மேடையில் போட்டு வைக்கிறேன். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அது அங்கே இருக்கும்.

ஒன்று. வந்தால், பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குப் பிறகு எழுது. நான் எப்போதும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறேன். பத்து வருஷத்தில் நம் மேடை எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை.

சைரன்


ஆகஸ்ட் 8

அடியே சைரன்,

பின்னால் என்ன நடந்தது என்று கேட்டாய். கேள்.

ஜீப் வழியில் டயர் வெடித்து நின்றதால் தாமதம். பின்கதவு வழியாக நான் உள்ளே நுழையும்போது நீங்கள் முதல் பாட்டை முடித்துக்கொண்டிருந்தீர்கள். குனிந்து நடந்து வந்து டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அண்ணன் மட்டும் பார்த்தான். அடுத்த சுரத்தைத் தப்பாக வாசித்தான், அவ்வளவுதான்.

அப்போதுதான் இஸ்திரி அக்காவை முதல் தடவையாகப் பார்க்கிறேன். முதுகுப் பக்கம்தான் தெரிந்தது. நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். நீ அறிமுகம் செய்தாய், கைதட்டினார்கள். பிறகு அவள் பாடவில்லை. பக்கத்திலிருந்து பார்த்த உனக்கு அவள் ஏதோ யோசிக்கிறாள் என்று தோன்றியிருக்கும். எனக்கு அவள் முதுகு தெரிந்தது. மூச்சு ஏறுகிறது, பாதியில் நிற்கிறது, இறங்குகிறது. கூட்டத்தைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது. நிபந்தனை போட்ட அந்த அம்மாளுக்கு. நீ எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்காமல் காத்திருந்தாய். உன்னை எனக்கு அந்த நிமிடத்தில் எவ்வளவு பிடித்தது என்று எழுதத் தெரியவில்லை.

நான் குச்சியை எடுக்கவில்லை. அவள் தோள் ஏறி இறங்கும் அளவைப் பார்த்து, அதே அளவுக்கு, உள்ளங்கையால் டிரம்மின் தோலைத் தொட்டேன். தட்டினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவளுக்குக் கேட்டதா, நாற்காலி வழியாகத் தெரிந்ததா, எனக்குத் தெரியாது. நாலைந்து தடவை ஆன பிறகு அவள் மூச்சு என் கையைப் பிடித்துக்கொண்டது. மூச்சு சீரானது. பாடினாள். நீ சொன்ன மூன்றாவது அடியில் அவள் மூச்சு விடவில்லை. நான்தான் அங்கே மூச்சை நிறுத்திவிட்டேன்.

நீ திரும்பிப் பார்த்தாயே, அப்போது நான் தலையைக் குனிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. உனக்குத் தெரியும், அதனால் எழுதவில்லை.

பழைய கூட்டத்திலிருந்து வந்த ஒரு பையன் வெளியே என்னை மறித்தான். "பழைய பாட்டு ஒண்ணாவது போட்டிருக்கலாம்கா" என்றான். பிறகு, "ஆனா எங்கம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்னு தோணுச்சு" என்றான். அவன் இரண்டையும் மனதாரத்தான் சொன்னான்.

இனி உனக்குத் தெரியாதது. மறுநாள் காலை என்னை வழியனுப்ப நீ வர முடியவில்லை, ஷிப்டு. இஸ்திரி அக்கா வந்தாள். பஸ் நிலையத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"உங்க பழைய பாட்டு ஒண்ணை உங்கண்ணன் போட்டுக் காட்டினார். உன் அண்ணி அந்தக் கத்து கத்துறாளே, அது எங்கேருந்து வருது?"

"வயித்துலேருந்து."

"எனக்கு வருமா?"

"ஏன் கேக்குறீங்க?"

"சின்ன வயசுல அப்பா தூங்குவாரு, மெதுவாப் பாடுன்னாங்க. அப்புறம் புள்ளைங்க தூங்குச்சுங்க. இப்ப ஆபரேஷன் ஆனவங்க தூங்குறாங்க. யாராச்சும் தூங்கிட்டே இருக்காங்கம்மா. என் குரல் எவ்வளவு தூரம் போகும்னு எனக்கே தெரியாது."

மெதுவாகப் பாடுவதுதான் அவள் இயல்பு என்று நாம் இரண்டு பேருமே நினைத்துவிட்டோம். நீ அதை வியந்தாய், நான் அதனோடு சண்டை போட்டேன். அவளைக் கேட்கவில்லை.

"இப்பவே பாத்துடலாமே" என்றேன். சுற்றிலும் பார்த்தாள். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எழுந்து நின்றாள், பையை என் மடியில் வைத்தாள், முந்தின நாள் பாடிய அதே முதல் வரியை எடுத்தாள். அது அந்த நிலையத்தின் மறு கோடி வரை போயிற்று. கண்டக்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடையில் ஒருத்தர் டம்ளரைக் கீழே வைத்தார். அவள் நிறுத்தவில்லை, நாலு வரியையும் பாடி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அடேங்கப்பா, இவ்வளவு இருக்கா" என்றாள், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதைப்போல.

மாற்றலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னொரு மெக்கானிக் வந்து பொறுப்பை ஏற்றதும் இறங்கிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணனிடம் நீயே சொல், நான் சொன்னால் அவன் குளியலறைக்குள் போய்விடுவான்.

அதற்குள் நீ ஒரு வேலை செய். அந்த அக்காவுக்கு ஒரு பாட்டு எழுது. சத்தமான பாட்டு, அவள் குரல் முழுக்கச் செலவாகிற மாதிரி. அதற்கு நான் மெதுவாக வாசிக்கிறேன்.

சம்மட்டி